ஊரில் ஊறிய கடையும் ஊரெல்லாம் அனுப்பும் கடையும்

வீட்டில் பியர் காய்ச்சும் பழக்கமுள்ள ஒருவர் அமெரிக்காவில் ஒரு நகரத்தை விட்டு இன்னொரு நகரத்துக்குக் குடிபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே பாத்திரம், அதே செய்முறை, அதே அளவு, அதே சூடு. ஆனாலும் புது வீட்டில் காய்ச்சிய முதல் பியர் பழைய பியராக வருவதில்லை. கசப்பு கூராக நாக்கில் நிற்கிறது, அல்லது இருக்கிற இடம் தெரியாமல் மழுங்கிப்போகிறது. சில வீடுகளில் மெல்லிய மருந்து வாடைகூட அடிக்கும். கைப்பக்குவம் ஒரே மாதத்தில் கெட்டுப்போவதில்லை. குழாயில் வரும் தண்ணீர் மாறியிருக்கிறது, மால்ட்டை அரைத்த மில் மாறியிருக்கிறது, ஈஸ்ட் வந்து சேரும் வழி மாறியிருக்கிறது. இந்த மூன்றையும் சரிப்படுத்திக்கொள்ள முதலில் போய் நிற்க வேண்டிய இடம் பொருள் வாங்கும் கடைதான். அந்தக் கடையைத் தேர்ந்தெடுப்பதை விலைப்பட்டியல் பார்க்கும் வேலையாகப் பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல இரண்டு கடைகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் உள்ள எஃப்.எச். ஸ்டைன்பார்ட். மற்றது மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் பிறந்த நார்தர்ன் ப்ரூவர்.

தமிழ்நாட்டில் ‘வீட்டில் காய்ச்சுவது’ என்றால் கள்ளச்சாராயமும் போலீஸும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கச் சட்டம் வேறு. 1978 அக்டோபர் 14 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், 1979 பிப்ரவரி 1 முதல் வீட்டில் பியர் காய்ச்சுவதற்கான கூட்டாட்சி வரியை நீக்கியது. வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை காய்ச்சலாம். விற்கக் கூடாது. சாராயம் வடிப்பதற்கு அந்தச் சட்டம் இடம் தரவில்லை. மாநிலங்கள் தத்தம் சட்டங்களை மாற்றிக்கொள்ள இன்னும் காலம் எடுத்தது. கடைசியாக வந்தவை அலபாமாவும் மிசிசிப்பியும், 2013இல்.

இந்தத் தொழிலுக்கான கடை எப்படி இருக்கும் என்று கேட்டால், நம் ஊர் நாட்டு மருந்துக் கடையை நினைத்துக்கொள்ளலாம். முளைகட்டி உலர்த்திய பார்லி, அதுதான் மால்ட், வெளிர் மஞ்சளிலிருந்து கருக வறுத்தது வரை தொட்டி தொட்டியாக இருக்கும். வேண்டியதை அள்ளி நிறுத்துக்கொள்ளலாம். ஓரத்தில் அரைக்கும் மில். குளிர்ப்பெட்டியில் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவும் ஈஸ்ட்டும். சுவரில் குழாய்கள், வால்வுகள், கண்ணாடிக் குடுவைகள். கல்லாவில் இருப்பவர் எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துத் தருவார். அந்தக் கேள்வியைக் கேட்கிறாரா இல்லையா என்பதே பாதித் தேர்வை முடித்துவிடும் என்பது என் எண்ணம்.

ஸ்டைன்பார்ட் தொடங்கியது 1918இல். அமெரிக்காவில் இன்றும் பெயர் நிற்கிற இத்தகைய கடைகளில் மிகப் பழையது என்று அதைச் சொல்கிறார்கள். அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். நாடு தழுவிய மதுவிலக்கு 1920 ஜனவரியில்தான் வந்தது. ஆரிகன் மாநிலமோ 1914இல் வாக்கெடுப்பு நடத்தி, 1916 ஜனவரி 1 முதலே மதுவை விலக்கிவிட்டது. ஆக, மது இல்லாத மாநிலத்தில் மது சார்ந்த பொருள்களுக்குப் பெயர்பெறப்போகும் ஒரு கடை பிறந்திருக்கிறது. மதுவிலக்குக் காலத்தில் அமெரிக்கா எங்கும் மளிகைக் கடைகளில் மால்ட் பாகு டப்பா டப்பாவாக விற்றது. ரொட்டி சுட என்று டப்பாவில் எழுதியிருக்கும். எத்தனை வீடுகளில் அது ரொட்டியாயிற்று என்பதை எல்லோரும் அறிவார்கள். 1933இல் விலக்கு நீங்கியபோது வீட்டு ஒயினுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது, வீட்டு பியருக்குக் கிடைக்கவில்லை. அந்த நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளியைக் கடந்து நின்றது இந்தக் கடை. பியர் ஊற்றும் குழாய்க் கருவிகள், பீப்பாய்ச் சாமான்கள் என்று தொழில்முறைக்காரர்களுக்கும் பொருள் கொடுத்ததால் இரண்டு பக்கமும் அதற்கு ஆள் இருந்தார்கள்.

நார்தர்ன் ப்ரூவர் 1993இல் தொடங்கியது. சட்டம் தெளிவாகிவிட்ட காலம். புத்தகங்கள் வந்துவிட்டன. கொலராடோவில் சார்லி பபாஸியன் முதலியோர் 1978இல் தொடங்கிய அமெரிக்க வீட்டு பியர்காரர் சங்கம் நாடெங்கும் பரவியிருந்தது. கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் எல்லா ஊர்களிலும் இருந்தார்கள், ஆனால் எல்லா ஊர்களிலும் கடை இல்லை. அந்த இடைவெளியைத்தான் நார்தர்ன் ப்ரூவர் பிடித்தது. ஒரு பியருக்கு வேண்டிய மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் எல்லாவற்றையும் அளந்து, செய்முறைத் தாளோடு ஒரே பெட்டியில் வைத்துத் தபாலில் அனுப்பியது. செயின்ட் பாலிலும் மினியாபொலிஸிலும் கடை வைத்திருந்தாலும், அதன் பெயர் வளர்ந்தது அந்தப் பெட்டியால்தான். வடக்கு டகோட்டாவில் பக்கத்து ஊர் எண்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு பண்ணை வீட்டில், அந்தப் பெட்டி வந்திராவிட்டால் ஒருவர் இந்தக் கலையைத் தொட்டிருக்கவே மாட்டார். இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

இனி தண்ணீர். பியரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அதுதான். அதைக் கடையில் விற்பதில்லை என்பதால் ஒப்பிடுகிறவர்கள் மறந்துபோகிறார்கள்.

போர்ட்லாந்துக்குத் தண்ணீர் வருவது ஹுட் மலைக்கு அருகே உள்ள புல் ரன் என்ற காட்டு நீர்ப்பிடிப்பிலிருந்து. பெரும்பாலும் மழைநீர். மனித நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்ட காடு. சுண்ணாம்போ சல்பேட்டோ அதில் அதிகம் கரைவதில்லை, அதனால் மிக மென்மையான தண்ணீர். செக் நாட்டுப் பில்சன் நகரத்தின் புகழ்பெற்ற வெளிர் பியருக்கு இத்தகைய தண்ணீர்தான் அடிப்படை. ஆகவே மெல்லிய, மிருதுவான பியர் செய்ய நினைப்பவருக்குப் போர்ட்லாந்து குழாய் ஒரு கொடை. ஆனால் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து மரபில் கசப்பு எடுப்பாக நிற்கும் பியர் செய்ய வேண்டுமென்றால் அந்தத் தண்ணீரில் ஜிப்சம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் எவ்வளவு ஹாப்ஸ் போட்டாலும் கசப்பு மங்கலாகவே இருக்கும். இன்னொன்றும் உண்டு. போர்ட்லாந்து நகராட்சி கிருமி நீக்கத்துக்கு குளோரமின் பயன்படுத்துகிறது. வெறும் குளோரின் போலத் திறந்து வைத்தாலோ சற்றுக் கொதிக்கவிட்டாலோ அது எளிதில் போகாது. அதுதான் மருந்து வாடையின் வேர். கேம்ப்டன் என்ற சல்பைட் மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டால் சுமார் 20 காலன் தண்ணீருக்குப் போதும். சில காசு பெறுமான மாத்திரை. அதைத் தெரியாமல் பாத்திரம் பாத்திரமாகக் கொட்டியவர்கள் உண்டு.

மினியாபொலிஸும் செயின்ட் பாலும் மிசிசிப்பி ஆற்றுத் தண்ணீரை எடுக்கின்றன. கடினத்தன்மையைக் குறைக்கச் சுண்ணாம்பு சேர்த்துப் பதப்படுத்துகிறார்கள். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது ஒரு குணம், கோடையின் முடிவில் வேறொரு குணம். புறநகர்களுக்குப் போனாலோ கதையே வேறு. பல இடங்களில் நிலத்தடி நீர், நன்றாகக் கடினமானது. அதனால் அங்கே வீட்டுக்கு வீடு உப்பு போட்டு இயங்கும் மென்மையாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த இயந்திரம் சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தண்ணீருக்குள் விடுகிறது. பாத்திரம் கழுவ நல்லது, பியருக்கு ஆகாது. மென்மையாக்கிக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து பிடிக்க வேண்டும், அல்லது வடிகட்டிய தண்ணீரில் உப்புகளை அளந்து சேர்க்க வேண்டும். ஒரே பெருநகரப் பகுதியில் பத்துக் கிலோமீட்டர் தள்ளிக் குடியேறினால் பியர் மாறிவிடும் என்பதை அங்கே பிறந்து வளர்ந்த கடைக்காரர் சொன்னால்தான் புதியவருக்குத் தெரியவரும்.

பெட்டியோடு வரும் செய்முறைத் தாள் இங்கேதான் தடுமாறுகிறது. ஃபீனிக்ஸுக்கும் பாஸ்டனுக்கும் சியாட்டிலுக்கும் அதே தாள். ‘உங்கள் குழாய்த் தண்ணீர் குடிக்க நன்றாக இருந்தால் காய்ச்சவும் நன்றாக இருக்கும்’ என்ற பொதுவான அறிவுரைக்கு மேல் எந்தத் தாளும் போக முடியாது. எழுதியவரின் குறையாக இதைச் சொல்ல மாட்டேன். எந்த ஊருக்குப் போகிறது என்று தெரியாத தாள் வேறென்ன சொல்லும்? அதே நிறுவனத்தின் செயின்ட் பால் கல்லாவில் போய்க் கேட்டிருந்தால் மிசிசிப்பியைப் பற்றி விரிவாகப் பதில் கிடைத்திருக்கும். அதாவது, நாடெங்கும் அனுப்பும் கடையும் தன் சொந்த ஊரில் ஒரு ஊர்க்கடைதான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருப்பவருக்கு அந்தப் பாதி கிடைப்பதில்லை.

அடுத்து ஈஸ்ட். உயிருள்ள பொருள் என்பதால் கடைகளின் தரம் இங்கே வெளிப்படையாகத் தெரிந்துவிடும்.

திரவ ஈஸ்ட்டை வீட்டுக்காரர்களுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒன்று வையீஸ்ட் நிறுவனம். 1986இல் தொடங்கியது. அது இருப்பது போர்ட்லாந்துக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில், ஹுட் ரிவர் பள்ளத்தாக்கில். அதன் பைக்குள் சத்துநீர் அடைத்த ஒரு சிறு பை இருக்கும். உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் உள்பை உடைந்து ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். பை சில மணி நேரத்தில் உப்பிவரும். உப்பினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கலிபோர்னியாவின் சான் டியாகோவில் 1995இல் தொடங்கிய ஒயிட் லேப்ஸ் மற்றொரு பெரிய பெயர். எந்த நிறுவனத்துப் பையானாலும் தயாரான நாளில் இருக்கும் ஏறக்குறைய 10,000 கோடி உயிரணுக்கள் குளிர்ப்பெட்டியிலேயே இருந்தாலும் மாதத்துக்கு மாதம் கணிசமாகச் செத்துக்கொண்டேயிருக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியில் ஓரிரு நாள் இருந்தால் பல மாதச் சாவு அந்த இரண்டு நாளில் நடந்துவிடும். மினசோட்டாவின் ஜனவரியில், வெளியே உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே இருக்கும்போது, வாசலில் வைத்துவிட்டுப் போன பெட்டிக்குள் ஈஸ்ட் உறைந்து உடைந்துபோகும்.

போர்ட்லாந்துக் கடைக்கு வையீஸ்ட் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் வந்து சேர்ந்துவிடும். தபாலில் அனுப்பும் நிறுவனங்கள் பனிக்கட்டிப் பை வைக்கின்றன, வார இறுதியில் கிடங்கில் மாட்டாமல் இருக்கத் திங்கள் செவ்வாயில் அனுப்புகின்றன. முடிந்ததையெல்லாம் செய்கிறார்கள். வழியிலுள்ள வெயிலை அவர்களால் நிறுத்த முடியாது.

ஆனால் ஊர்க்கடை என்பதாலேயே ஈஸ்ட் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. பெரிய நிறுவனத்தில் சரக்கு வேகமாகப் புரளும். போன வாரம் வந்தது இந்த வாரம் போய்விடும். ஆள் வராத சிறு கடையில் நாற்பது வகை ஈஸ்ட்டை அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள். எடுத்துத் திருப்பித் தேதியைப் பார்த்தால் பாதி காலாவதியை நெருங்கியிருக்கும். எட்டே வகை வைத்து எட்டையும் புதிதாக வைத்திருக்கும் கடைக்கு நான் போவேன். புதுக் கடைக்குள் நுழைந்தால் முதலில் கல்லாவுக்குப் போகாமல் குளிர்ப்பெட்டிக்குப் போக வேண்டும். பத்துப் பைகளின் தேதியைப் பார்த்தால் அந்தக் கடையின் உடல்நிலை தெரிந்துவிடும். உலர் ஈஸ்ட் மட்டும் இந்தக் கவலைக்கு வெளியே நிற்கிறது. ஃபெர்மென்டிஸ் நிறுவனத்தின் யு.எஸ்.-05 போன்ற 11.5 கிராம் பொட்டலம் வெயிலையும் நாளையும் பெரும்பாலும் தாங்கும். தொலைவிலிருந்து வாங்குகிறவருக்கு அது தைரியம்.

மால்ட் விஷயத்தில் தராசு மினசோட்டா பக்கம் சாய்கிறது. மினியாபொலிஸிலிருந்து கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டரில் ஷாகபீ என்ற ஊரில் ரார் மால்ட்டிங் ஆலை இருக்கிறது. 1847இல் விஸ்கான்சினில் தொடங்கிய குடும்ப நிறுவனம். ஷாகபீ ஆலை உலகின் மிகப் பெரிய மால்ட் ஆலைகளில் ஒன்று. ஒரு காலத்தில் உலகத்தின் மாவு அரைக்கும் தலைநகர் என்று பெயர் வாங்கிய ஊர் மினியாபொலிஸ். தானியத்தைச் சேர்ப்பதும் அரைப்பதும் ஏற்றி அனுப்புவதும் அந்த மண்ணின் தொழில். நாட்டின் நடுப்பகுதியில் இருப்பதால் இரு கடற்கரைகளுக்கும் அங்கிருந்து அனுப்பலாம். நாடெங்கும் பெட்டி அனுப்பும் கடை அங்கே முளைத்ததில் வியப்பில்லை. நார்தர்ன் ப்ரூவரை ஊரில்லாத நிறுவனம் என்று சொல்லிவிடுகிறவர்கள் இதைப் பார்க்கத் தவறுகிறார்கள். அதன் வணிக முறையே அந்த ஊரின் புவியியலிலிருந்து வந்தது. போர்ட்லாந்துக்கும் குறையில்லை. கொலம்பியா ஆற்றைத் தாண்டினால் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் 1934 முதல் கிரேட் வெஸ்டர்ன் மால்ட்டிங் இயங்குகிறது.

அரைப்பதில்தான் வேறுபாடு. 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர் பியருக்கு நாலரைக் கிலோ அளவில் மால்ட் வேண்டும். மில்லின் உருளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அது சற்று அகன்றால் மணிகள் பாதி உடையாமல் போய் இனிப்பு இறங்காது. சற்று இறுகினால் உமியும் பொடியாகி, வடிக்கும்போது தொட்டி அடைத்துக்கொள்ளும். துணிப்பையில் போட்டு ஊறவைப்பவருக்கு நன்றாகப் பொடிந்தாலும் பரவாயில்லை. அடியில் சல்லடை வைத்தவருக்கு உமி முழுதாக வேண்டும். ஊர்க்கடையில் உங்கள் பாத்திரம் எப்படிப்பட்டது என்று சொல்லி, ஒரு தரம் அரைக்கச் சொல்லலாம், இரண்டு தரம் அரைக்கச் சொல்லலாம், தொட்டுப் பார்த்து நிறுத்தச் சொல்லலாம். தபாலில் வருவது யாருக்கும் கெடுதல் வராத நடுத்தர அரைவை. பெரும்பாலோர்க்கு அது போதும். ஆனால் புது ஊரில் முதல் பியர் நீர்த்துப்போய் வந்தால் சந்தேகிக்க வேண்டிய முதல் இடம் இந்த அரைவைதான். அரைக்காத முழு மால்ட் மாதக்கணக்கில் இருக்கும், அரைத்தது சில வாரத்தில் மணம் இழக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சொந்த மில் வைத்திருப்பவருக்கு இந்தப் பத்தி முழுவதும் தேவையில்லை.

ஹாப்ஸைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். காற்றுப் புகாத, நைட்ரஜன் நிரப்பிய உறையில் வரும் ஹாப்ஸ் உருண்டைகளுக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல. அறுவடை ஆண்டும் கசப்பின் அளவும் உறையில் அச்சாகியிருந்தால் எங்கே வாங்கினாலும் ஒன்று. பெரிய கடை மொத்தமாக வாங்குவதால் வகையும் அதிகம் கிடைக்கும். மொத்தப் பையைப் பிரித்துச் சாதாரணப் பாலிதீன் பையில் அளந்து தொங்கவிட்டிருக்கும் கடை எந்த ஊரில் இருந்தாலும் தள்ளிப்போவது நல்லது. காற்றுப்பட்ட ஹாப்ஸில் பழைய பாலாடைக்கட்டி வாடை ஏறிவிடும்.

ஆரிகனுக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை உண்டு. கைவினை பியர் இயக்கத்துக்கே அடையாளமான காஸ்கேட் வகை ஹாப்ஸ், ஆரிகனின் கார்வாலிஸில் நடந்த ஆராய்ச்சியில் உருவாகி 1972இல் வெளிவந்தது. அங்கிருந்து வடக்கே விரிந்த வில்லாமெட் பள்ளத்தாக்கு ஹாப்ஸ் விளையும் பூமி. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் கொடியிலிருந்து பறித்த பச்சை ஹாப்ஸை, உலர்த்தாமல், அன்றோ மறுநாளோ பியரில் போடலாம். நாள் கடந்தால் அழுகத் தொடங்கும் பொருள். எந்தப் பண்ணையில் என்றைக்குப் பறிக்கிறார்கள் என்ற செய்தி கடைக்குத்தான் முதலில் வரும். தபால்காரர் கொண்டுவர முடியாத பியர் அது.

விலையில் பெரிய கடை பல சமயம் குறைவாகவே இருக்கும். 55 பவுண்டு மால்ட் மூட்டைக்கு அனுப்பும் செலவைக் கூட்டினால் கணக்குத் திரும்பும். இதற்கு மேல் விலையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆட்களைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. போர்ட்லாந்தில் 1970-ஐ ஒட்டி, வீட்டில் காய்ச்சுவது சட்டப்படி செல்லாத காலத்தில், ஃப்ரெட் எக்ஹார்ட் என்பவர் லாகர் பியர் செய்வதைப் பற்றிச் சிறு நூல் எழுதி வெளியிட்டார். அதுவரை மால்ட் பாகும் சர்க்கரையும் ரொட்டி ஈஸ்ட்டுமாகச் செய்துகொண்டிருந்தவர்களுக்கு ஒழுங்கான வழி காட்டிய நூல்களில் அது ஒன்று. 1979இல் ஆரிகன் ப்ரூ க்ரூ என்ற வீட்டு பியர்காரர் குழு உருவானது. நாட்டின் பழைய குழுக்களில் ஒன்றான அது ஸ்டைன்பார்ட் கடையில் கூடிவந்திருக்கிறது. வீட்டில் காய்ச்சிக் கற்ற விட்மர் சகோதரர்கள் 1984இல் போர்ட்லாந்தில் ஆலை தொடங்கினார்கள். மறு ஆண்டு, காய்ச்சிய இடத்திலேயே ஊற்றி விற்க ஆரிகன் சட்டம் அனுமதித்தது. கடை, குழு, ஆலை மூன்றும் ஒன்றையொன்று வளர்த்த ஊர் அது.

அந்தப் பின்னலின் வலு 2010இல் தெரிந்தது. வீட்டு பியரைக் காய்ச்சிய வீட்டை விட்டு வெளியே கொண்டுபோய்க் குடிக்கக் கூடாது என்று ஆரிகன் சட்டத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் சொன்னது. மாநிலப் பொருட்காட்சியில் நடக்கும் வீட்டு பியர் போட்டி நின்றுபோயிற்று. குழுக்களின் கூட்டத்துக்கு ஒரு புட்டி எடுத்துப்போவதுகூடக் கேள்விக்குறியானது. காய்ச்சுபவர்கள் கூடிச் சட்டமன்றத்தை அணுகினார்கள். 2011இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு மாநிலத்தின் ஆட்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பழகியிருந்ததால் நடந்த வேலை அது. தபால் பெட்டிகள் மட்டும் வந்துசேரும் ஊரில் யார் யாரைக் கூப்பிடுவார்கள்?

கலிபோர்னியாவிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் உட்லண்ட் ஹில்ஸில் இருந்த ஒரு வீட்டு ஒயின் சாமான் கடையைச் சுற்றி 1974இல் மால்டோஸ் ஃபால்கன்ஸ் குழு பிறந்தது. அந்தப் பகுதியில் வளர்ந்து வீட்டில் காய்ச்சக் கற்ற கென் கிராஸ்மன் வடக்கே சீகோ என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்து, 1976இல் அங்கே தானே ஒரு வீட்டு பியர்க் கடை தொடங்கினார். பிறகு அவர் பால் கமூசியோடு சேர்ந்து தொடங்கிய ஆலைதான் சியரா நெவாடா. 1980இல் முதல் பியரைக் காய்ச்சியது. புது ஊரில் கடை இல்லையென்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இதைவிடத் துணிச்சலான பதிலை நான் அறியேன்.

நார்தர்ன் ப்ரூவரின் வரலாற்றில் 2016 ஒரு பிளவு. உலகின் மிகப் பெரிய பியர் நிறுவனமான ஏ.பி. இன்பெவ், தன் முதலீட்டுப் பிரிவின் வழியாக அதை வாங்கியது. அதற்கு முன்பே மினியாபொலிஸின் இன்னொரு பெரிய கடையான மிட்வெஸ்ட் சப்ளைஸும் நார்தர்ன் ப்ரூவரோடு ஒரே குடையின் கீழ் வந்திருந்தது. பெரிய ஆலைகளின் பியருக்கு மாற்றாக வீட்டில் காய்ச்சத் தொடங்கியவர்கள் பலருக்கு இது உறுத்தியது. தாங்கள் யாரிடமிருந்து விலகி வந்தார்களோ அவர்களுக்கே தங்கள் காசு போகிறது என்று சொல்லிக் கடையை மாற்றிக்கொண்டார்கள். பின்னர் அந்தப் பெருநிறுவனமும் விற்றுவிட்டது. வேலை செய்தவர்களின் திறமையும் பெட்டியின் தரமும் இதனால் கெட்டுப்போயின என்று சொல்வதற்கில்லை. ஆனால் தொலைவில் இருப்பவருக்குக் கடை யார் கையில் இருக்கிறது என்பது செய்தித்தாளைப் பார்த்தால்தான் தெரியும். ஊர்க்கடையில் கல்லாவைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, ஒரு கடையில் அந்த ஊரின் எந்தப் பொருளும் அறிவும் இறங்கியிருக்கிறது என்று கேட்பதுதான் சரியான அளவுகோலாக எனக்குப் படுகிறது. ஸ்டைன்பார்ட்டில் புல் ரன் தண்ணீரைப் பற்றிய பழக்கம் இருக்கிறது, ஹுட் ரிவர் ஈஸ்ட் இருக்கிறது, வில்லாமெட் ஹாப்ஸ் இருக்கிறது, குழு இருக்கிறது. நார்தர்ன் ப்ரூவரில் மினசோட்டாவின் தானியமும் அதை எங்கும் அனுப்பும் ஒழுங்கும் இருக்கின்றன. முதலாவதை அந்த ஊருக்குப் போனால்தான் பெற முடியும். இரண்டாவது எங்கிருந்தாலும் கிடைக்கும். எனவே போர்ட்லாந்துக்குக் குடிபோனவர் வீட்டிலிருந்தபடியே தபாலில் வாங்கினால் அந்த ஊர் தரும் பெரும்பகுதியை இழக்கிறார். மினியாபொலிஸுக்குக் குடிபோனவரும் அங்குள்ள ஒரு கல்லாவுக்கு நேரில் போனால் பெட்டியில் வராத பாதியைப் பெறுகிறார்.

நடைமுறையில் நான் சொல்லும் பிரிவினை இது: ஈஸ்ட்டும் அரைத்த மால்ட்டும் ஊரில் வாங்க வேண்டும். உறையிட்ட ஹாப்ஸ், உலர் ஈஸ்ட், எஃகுப் பாத்திரம், வெப்பமானி, குழாய் இவையெல்லாம் எங்கே மலிவோ அங்கே வாங்கலாம், கெட்டுப்போகாத பொருள்கள். முதல் முறை கடைக்குப் போகும்போது மூன்று கிலோ மால்ட்டையாவது வாங்கிக்கொண்டு, இந்தத் தண்ணீருக்கு என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். ‘எந்தப் பகுதியில் குடியிருக்கிறீர்கள்?’ என்று எதிர்க்கேள்வி வந்தால் அதுதான் கடை. ‘எதுவும் சேர்க்க வேண்டாம், எல்லாம் நன்றாகத்தான் வரும்’ என்று வந்தால் இன்னொரு கடையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இன்னொரு கடை இருந்தால். கடந்த பத்தாண்டுகளில் அமெரிக்காவெங்கும் இந்தக் கடைகள் பல மூடிவிட்டன. 1970களின் இறுதியில் நூற்றுக்கும் குறைவான ஆலைகள் இருந்த நாட்டில் இன்று 9,000க்கும் மேல் இருக்கின்றன. தெருமுனையிலேயே நல்ல பியர் கிடைக்கும்போது காய்ச்சும் ஆர்வம் பலருக்குக் குறைந்துவிட்டது. கடையே இல்லாத நகரத்துக்குப் போகிறவர் மால்ட்டைத் தபாலில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் தண்ணீரையும் ஈஸ்ட்டையும் பற்றிக் கேட்க அந்தத் தெருமுனை ஆலைக்குப் போகலாம். அங்கே காய்ச்சுபவர்களில் பலர் வீட்டில் தொடங்கியவர்கள். ஒரு பியர் நொதித்து முடிந்ததும் தொட்டியடியில் லிட்டர் லிட்டராக ஈஸ்ட் தங்கும், பெரும்பகுதியைக் கொட்டிவிடுவார்கள். சுத்தமான, மூடியுள்ள ஒரு சீசாவை எடுத்துக்கொண்டு, கூட்டமில்லாத நேரத்தில் போய்க் கேட்டால் பல ஆலைகள் நிரப்பிக் கொடுக்கும். அந்த ஊர்த் தண்ணீரில் முந்தின வாரம்தான் வேலை செய்து முடித்த ஈஸ்ட் அது.